முதலாளி வேஷம்

காலை பத்து மணிக்கே குழந்தைவேலுவைக் குளிப்பாட்டிக் கிடத்திவிட்டார்கள். அந்தமானில், இந்த ஹேடோவில் சாவு என்றால் எல்லாம் அவசரம்தான். மெயின்லேண்டிலிருந்து அடுத்த கப்பல் வரப் பதினோரு நாள். அண்ணன் வரட்டும், தம்பி வரட்டும் என்று பிணத்தை வைத்திருக்க முடியுமா? தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மரகதம் அழவில்லை. அவள் கான்ட்ராக்டர் பக்தவத்சலத்தின் ஜீப்புக்காகக் காத்திருந்தாள். தன் புருஷன் நேற்று என்ன கேட்டான், அவர் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் பக்தவத்சலம்தான் அவர்களைக் கப்பலேற்றிக் கூட்டிவந்தார். எட்டு வருஷமாக அவர் கிடங்கில் குழந்தைவேலு மூட்டைக் கணக்கு எழுதினான். கிடங்குக்குப் பின்னால், ரோடு போட்டு மிஞ்சிய காலித் தார் டிரம்கள் குவிந்து துருப்பிடித்துக் கிடந்தன. அவற்றை வெட்டித் தகடாக்கிக் கூரையும் வாளியும் செய்து விற்கலாம் என்று ஒருநாள் அவனுக்குத் தோன்றிவிட்டது. புதிதாகக் குடியேறுகிறவர்களுக்குக் கூரை வேண்டாமா? டிரம்களைக் கொடுங்கள், என்னை வேலையிலிருந்து விடுங்கள். கேட்க வேண்டியது அவ்வளவுதான்.

அதைக் கேட்க அந்தச் சாது மனிதனுக்கு ஒரு வருஷம் போதவில்லை. முதலாளியைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் தினமும் காலையில் மரகதத்தின் முன்னால் கைகட்டி நின்று ஒத்திகை பார்ப்பான். மரகதம்தான் முதலாளி. நாற்காலியில் கால்மேல் கால் போட்டுத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏன்டா, சோறு போட்ட கையை விட்டுட்டுத் தகரம் தட்டப் போறியா?" என்பாள். முதலில் இருவருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. போகப்போக அவன் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டான். நேற்றும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் இன்று கேட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவன், மத்தியானம் மூட்டைகளுக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அதோடு சரி.

அப்போதிலிருந்து யாரோ தொண்டையைக் கனைக்கும் சத்தம் மரகதத்தின் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த ஆள்தான் ஏதோ கேவலமாகப் பேசி இவனைக் கொன்றுவிட்டார் என்று அவள் நிச்சயம் செய்துகொண்டாள்.

ஜீப் வந்தது. ஆறடி உயர மனிதர் நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்தார். கையில் கோடிப் புடவை. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடவேண்டிய புடவை அது. பிறந்த வீடு கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தால் கூட்டிவந்தவர்தான் அதைச் செய்யவேண்டும் என்பது அந்தக் குடியிருப்பின் ஏற்பாடு. அவள் தோளில் புடவையைப் போர்த்தி, "அண்ணன் இருக்கேம்மா" என்றார். மெல்லிய குரல். அவள் போட்ட முதலாளி வேஷத்துக்கும் இந்தக் குரலுக்கும் சம்பந்தமே இல்லை.

"நேத்து அவரு உங்ககிட்ட வந்தாரா?"

"வந்தான். கதவுகிட்டயே நின்னான். என்னப்பான்னு கேட்டேன். ஒண்ணுமில்லீங்கன்னுட்டுப் போயிட்டான்."

மரகதம் சொன்னாள். டிரம், தகடு, கூரை என்று அவன் ஒத்திகையில் ஒப்பித்த வரிசை மாறாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்று பக்கத்து வீட்டு ருக்கு முழங்கையைப் பிடித்து இழுத்தும் அவள் நிறுத்தவில்லை.

"அந்தக் கபாடியாம்மா, அந்தப் பழைய தகரமா?" பக்தவத்சலத்துக்கு நம்பமுடியவில்லை. "அள்ளிக் கடல்ல தள்ள ஆள் தேடிட்டிருந்தேன். எடுத்துக்கோன்னு சொல்லியிருப்பேனே. நல்லபடியா பண்ணுன்னு அனுப்பியிருப்பேனே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

கடித்துத் தின்ற முதலாளி யார் என்று மரகதத்துக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒரு வருஷத்தில் ஒருநாளாவது அவள் 'சரி, போய்ட்டு வா' என்று சொன்னதில்லை. மாதச் சம்பளமும் இந்தத் தகரக் கூரை வீடும் போய்விடுமே என்று பயம். அதைப் பெண்டாட்டியாகச் சொல்ல வாய் வராமல் முதலாளி குரலில் சொன்னாள். அவன் கடைசிவரை அந்தக் குரலுக்குத்தான் பயந்தான். காதில் கனைத்துக்கொண்டிருந்ததும் அவளேதான்.

பாடையைத் தூக்கினார்கள். முன்கொம்பு ஒன்றைப் பக்தவத்சலமே தோளில் வாங்கிக்கொண்டார். மற்ற மூவரும் குள்ளம். பாடை ஒருபக்கமாகச் சாய்ந்தது. அவர் முழங்காலை மடக்கித் தோளைத் தாழ்த்திக்கொண்டார். குழந்தைவேலு நேராகப் படுத்தான்.

மரகதம் வாசலில் நின்று பார்த்தாள். மேடு ஏறித் திரும்பும்வரை அந்த மனிதர் நிமிராமலே நடந்துபோனார்.