சேந்தங்கரைக் கணவாய்

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில், சேந்தங்கரை வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு மலைக்கணவாயும் அதைக் காக்கும் பழைய கோட்டை நகரமும் வந்து நின்றன. கருங்கல் ஜல்லிக்கே லாரியை எதிர்பார்க்கும் ஊர் அது. திருவாரூர் பஸ் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்ததால் கண்டக்டர் எரிந்து விழுந்தார். மற்ற எல்லோரும் வாய் பிளந்து பார்த்தார்கள். என்ன மதில், என்ன கட்டுமானம்! கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு நெல்மணி நுழையாது. எந்தப் படையும் கோட்டைக் கதவைத் தாண்டியதில்லையாம். காவலர்களும் மரியாதை தெரிந்தவர்கள். ஈட்டியை வெளியே சாத்திவிட்டுத்தான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

வள்ளியம்மைக்கும் கோட்டையைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அவளுடைய மூன்று மா நிலம் மதிலுக்குக் கிழக்கே, கடைமடையில் கிடந்தது. மேட்டூரிலிருந்து வந்த தண்ணீர் மேற்கே கோட்டைக் கதவில் முட்டி நின்றுவிட்டது. நாற்றங்கால் வெடித்து, நாற்று நுனி கருக ஆரம்பித்தது. அது போனால் இந்தப் போகமே போச்சு. நேராகக் காவல் தலைவர் அரசப்பனிடம் போனாள்.

"ஐயா, கதவைக் கொஞ்சம் திறங்க. தண்ணி வரணும்."

"எங்கேருந்து வருதும்மா?"

வள்ளியம்மைக்குப் பொய் வராது. "குடகுலேருந்துங்க."

அரசப்பன் இன்னொரு தாழ்ப்பாளையும் போடச் சொன்னார். அயல்நாட்டிலிருந்து வருகிறவர்களைத் தடுக்கத்தானே கோட்டையே!

"அப்ப யாருக்குத்தாங்க திறப்பீங்க?"

"ஊரே எதிர்ல போய்ப் பூவும் நெல்லும் தூவி அழைச்சுக்கிட்டு வர்ற விருந்தாளிக்கு."

வள்ளியம்மை தலையில் அடித்துக்கொண்டாள். புதுத்தண்ணீர் வரும்போது ஊர் வருஷா வருஷம் செய்வது அதைத்தான். இந்த வருஷம் கோட்டையை வேடிக்கை பார்த்ததில் எல்லோருக்கும் அது மறந்தே போயிருந்தது.

மிச்சமிருந்த விதைநெல்லை மடியில் கட்டிக்கொண்டு அவள் முன்னே நடக்க, ஊர் அரளிப்பூவும் சூடமுமாகப் பின்னால் வந்தது. மேற்கே போய், நின்ற தண்ணீரில் நெல்லைத் தூவிக் கும்பிட்டார்கள். பூக்கள் மிதந்துபோய்க் கதவைத் தொட்டன. மேலிருந்து பார்த்த அரசப்பன் முரசு அறையச் சொன்னார். எந்த அரசனுக்கும் அசையாத கதவு திறந்தது. ஈட்டிகள் தாழ்ந்தன. அரசப்பன் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்று வணங்கினார். வள்ளியம்மை வெட்கப்படாமல் அழுதாள். அன்றைக்கே நாற்றங்கால் நனைந்தது.

கோட்டை அதன் பிறகும் போகவில்லை. போகச் சொல்ல யாருக்கும் மனமும் இல்லை. பஸ் இப்போதும் சுற்றித்தான் போகிறது, கண்டக்டரும் 'கணவாய் இறங்கு' என்றுதான் குரல் கொடுக்கிறார். ஒவ்வொரு ஆனியிலும் கோட்டையில் முரசு கேட்டதும், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, வள்ளியம்மை மண்வெட்டியோடு மடை திறக்கப் போகிறாள்.