வெறும் தாளில் நாற்பத்து மூன்று

1

மூவாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது ரூபாய். பெரும்பாவூரில் பிளைவுட் லாரிகளுக்குச் சுமை ஏற்றும் எங்கள் சங்கம், அலுவலகக் கணினிக்குள் உட்கார்ந்திருந்த ஒருவனுக்குக் கொடுக்க வேண்டியிருந்த தொகை இது. இந்தக் கதை அந்தத் தொகையிலிருந்து பிறந்தது.

இல்லை, அப்படிச் சொல்வது சரியல்ல. முதலில் வேறொரு கதை இருந்தது. அதன் முதல் வரி: 'அன்று லாரியில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், பெல்ட் போட்டபடி ஒரு பலாப்பழம் வந்தது.' அந்தப் பழம் யாருக்கு என்பது அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை. ஏன் தெரியாமல் போயிற்று என்பதைத்தான், அதே கோப்பில், அந்தப் பலாவுக்கு மேலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன். [இந்த வாக்கியம் நன்றாக இருப்பது போலிருக்கிறது. அதனாலேயே சந்தேகம். இருக்கட்டும்.]

எனக்கு எழுத்து வந்தது நாற்பத்தாறு வயதில், முதியோர் வகுப்பில். பலகை பிடித்தே மடங்கிப்போன விரல்களில் பேனா நிற்காது. விசைப்பலகைக்கு ஒரு விரல் போதும். ஆகவே சுமை இறங்கிய சாயங்காலங்களில் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து தட்டுவேன். செயலாளர் சுகதன் அனுமதி கொடுத்திருந்தான். சுகதன் நல்லவன்தான், ஆனால் அவனிடம் ஒரு—

(இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். சுகதன் இதைப் படிப்பான்.)

2

கணினிக்குள் உட்கார்ந்திருந்தவனை இனி கேடயக்காரன் என்கிறேன். அவன் உள்ளே வந்தது எப்படி? இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதம். ஒரு சொல்லுக்கு ரகரம் பெரியதா சின்னதா என்று இணையத்தில் தேடினேன். ஏதோ ஒரு பக்கம் திறந்தது. கணினிக்குள்ளிருந்து ஆலைச் சங்கு போல ஊதியது. திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரு கேடயம். 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, இலவசமாகச் சோதித்துக்கொள்ளுங்கள்' என்றது. அழுத்தினேன்.

இரண்டாவது விதம். சங்கு ஊதியதும், பக்கத்தில் கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்த பைலிச்சேட்டன், "டேய், அத நிறுத்துடா, தீப்பிடிச்சதுன்னு ஆலைக்காரன் ஓடி வருவான்" என்று சொல்லி, அவரே எட்டி அழுத்தினார்.

பைலிச்சேட்டன் எங்களில் மூத்தவர். அவர் உண்மையிலேயே அன்று அங்கே இருந்தாரா, பழியைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும் என்று நான் கொண்டுவந்து உட்கார வைத்தேனா, சத்தியமாகத் தெரியவில்லை. அவரிடமே கேட்டேன்.

"நான்தான் அழுத்துனேன்னு எழுதிக்க. கதையில என் பேரு வரட்டும்" என்றார்.

இதை வைத்து எதை முடிவு செய்வது?

எந்த விதமாக இருந்தாலும், நடந்தது இதுதான். 'இலவசம்' என்றவன் கண் சிமிட்டும் நேரத்தில் கணினி முழுவதையும் சோதித்துவிட்டான். நாற்பத்து மூன்று ஆபத்துகள் என்றான். பட்டியலில் முதலாவதாக 'பலா' என்ற பெயர் இருந்தது. என் கதை. நீக்க வேண்டுமானால் மூவாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது ரூபாய் கட்ட வேண்டும், கார்டு எண்ணைத் தட்டுங்கள் என்றான். மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தினால் மறைவான். இரண்டு வரி அடிப்பதற்குள் சங்கோடு வருவான்.

* இது அடிக்குறிப்பு. பக்கத்தின் அடியில் போடத் தெரியாததால் நடுவிலேயே போடுகிறேன். அவனுடைய உண்மையான பெயர் திரையில் இருந்தது. நான் எழுதமாட்டேன். எழுதினால் வந்துவிடுவானோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

மறுநாள் சங்கம் கூடியது.

"நம்ம கம்ப்யூட்டர்ல எழுதிக்கன்னு விட்டேன் பாரு, என்னச் சொல்லணும்" என்றான் சுகதன். "பட்டியல்ல மொதப் பேரே உன் கதைதான் தங்கச்சா. என்னத்தடா எழுதி வச்சிருக்க?"

"பலாப்பழம்."

"பலாப்பழத்துல நாப்பத்து மூணு ஆபத்தா?"

"சுளைக்கு ஒண்ணுன்னு வச்சுக்க" என்றார் பைலிச்சேட்டன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்பது நினைவில்லை.

பணம் கொடுக்க வேண்டியதில்லை, பேசாமல் கதையை அழித்துவிடலாம் என்றான் சுகதன். அப்போதுதான் பைலிச்சேட்டன் எழுந்து நின்றார். எங்கள் தொழிலில் நோக்குகூலி என்று ஒன்று இருந்தது. கிரேன் வந்து சரக்கை இறக்கும். நாங்கள் கைகட்டி நின்று பார்ப்போம். பார்த்ததற்குக் கூலி வாங்குவோம். சட்டம் தடுத்து, நாங்களும் விட்டு வருஷங்களாகின்றன. ஆனால் விட்டதை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் பைலிச்சேட்டன்.

"சகாக்களே, அவன் உள்ள போயிருக்கான். ஒண்ணொண்ணாப் பாத்திருக்கான். எண்ணியிருக்கான். பாத்ததுக்குக் கூலி கெடையாதுன்னு யாரு சொன்னாலும் சொல்லலாம், நம்ம வாயால சொல்லலாமா?"

கை தூக்கச் சொன்னார்கள். கொடுக்க வேண்டியது கொடுக்க வேண்டியதுதான் என்று தீர்மானம் ஆயிற்று.

"சரி, கடன் கடன்தான்" என்றான் சுகதன். "ஆனா சங்கத்துப் பணம் ஒத்தக் காசு வராது. சனிக்கிழமைக்குள்ள தங்கச்சன் கட்டணும். கட்டலன்னா அந்தக் கதையத் தூக்கிடுவேன். கதையே இல்லன்னா ஆபத்தும் இல்ல, கடனும் இல்ல."

3

இங்கே கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசிக்கிறேன்.

ஒரு வாக்கியத்தில் ஆபத்து இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பலகையில் பொத்தல் இருந்தால் தோள் சொல்லிவிடும். வாக்கியத்தை எங்கே வைத்துப் பார்ப்பது? படித்தவர்களிடம் கேட்கலாம். ஆனால் நாற்பத்து மூன்று என்று இவ்வளவு கறாராக எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. முதியோர் வகுப்பில்கூட 'நல்லாருக்கு சேட்டா, தொடர்ந்து எழுதுங்க' என்பார்கள். இவன் எண்ணிச் சொன்னான். வெட்கமாக இருந்தது, ஆனால் ஒரு மரியாதை போலவும் இருந்தது.

பணம் என்னிடம் இல்லை. அதனால் ஆபத்துகளை நானே எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பழம் சற்று வெட்கப்படுவது போலிருந்தது. [வெட்டினேன். பழம் வெட்கப்படாது.]

ஓட்டுநரின் மனைவி அவனோடு பேசி நாளாகிவிட்டது. [வெட்டினேன். கதையில் மனைவி என்று யாருமே இல்லை. இவளை உள்ளே விட்டது யார்?]

மழை, ஒரு கடன்காரனைப் போல— [முடிக்காமலே வெட்டினேன்.]

வெட்டி, சேமித்து, கேடயத்தை அழுத்துவேன். நாற்பத்து மூன்று. இன்னும் வெட்டுவேன். நாற்பத்து மூன்று. பாதிக் கதை போய்விட்டது. பழம் யாருக்கு என்று சொல்கிற வரியும் அதில் எங்கோ போயிருக்க வேண்டும், பிறகு தேடினால் காணவில்லை. எண்ணிக்கை மட்டும் அசையவில்லை. அப்படியானால் ஆபத்து நான் விட்டுவைத்த வரிகளில் இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு, வெட்டிய வரிகள்தான் நல்ல வரிகளோ என்று தோன்றியது. பிறகு எதுவும் தோன்றவில்லை.

கடைசியில் ஒரு வெறும் தாளைத் திறந்து, ஒரு எழுத்துகூட அடிக்காமல், 'வெறும்' என்று பெயர் வைத்துச் சேமித்தேன். கேடயத்தை அழுத்தினேன். 'பலா' இருந்த இடத்தில் 'வெறும்' என்று வந்தது.

நாற்பத்து மூன்று.

எழுதுவதற்கு முன்பே என்னிடம் இத்தனை கோளாறு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். வேறெப்படி எடுத்துக்கொள்வது?

4

ஷெமீனாவைக் கதைக்குள் கொண்டுவரத் தயங்குகிறேன். தனியார் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். என்னைவிடக் கொஞ்சம்தான் இளையவள். எல்லாம் தெரிந்த ஒருத்தி வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டால் கதை சப்பென்று ஆகிவிடும். ஆனால் வந்தாள், நான் என்ன செய்ய?

கார்டு இல்லாமல் ரொக்கமாகக் கட்ட முடியுமா, தவணை உண்டா என்று கேட்கத்தான் அவளிடம் போனேன்.

"யாருக்குக் கட்டணும் சேட்டா?"

"கம்ப்யூட்டர்ல ஒரு கேடயம்..."

"கார்டு நம்பர் குடுத்தீங்களா?"

"எங்க யாருகிட்டயும் கார்டு இல்ல. சங்கத்துக் கார்டு சுகதன்கிட்ட இருக்கு, அவன் பர்ஸத் தொறக்க மாட்டான்."

"சுகதன் சேட்டனுக்கு ஒரு மாலை போடுங்க. உங்க சங்கத்துப் பணம் அந்த பர்ஸால பொழச்சுச்சு."

நான் வெறும் தாள் விஷயத்தைச் சொன்னேன். அவமானமாகத்தான் சொன்னேன். அவள் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணுமே எழுதாத கோப்புலயுமா?"

"அதுலயும்."

"சேட்டா, அவன் பாக்கவே இல்ல. நாப்பத்து மூணுன்னு மொதல்லயே எழுதி வச்சுட்டுத்தான் உள்ள வந்திருக்கான். பொய்யான காவல்காரன் அவன். நீங்க கூப்பிட்டீங்களா? இல்ல. வந்ததும் கூச்சல் போட்டான், பயமுறுத்துனான், காசு கேட்டான், போன்னா போகல. உண்மையான காவல் கம்ப்யூட்டருக்குள்ளயே இருக்கும். அது வேலையப் பாத்துட்டுச் சத்தமில்லாம கெடக்கும்."

அலுவலகத்துக்கு வந்தாள். முதலில் இணையக் கம்பியைப் பிடுங்கினாள். கணினியில் உள்ள செயலிகளின் பட்டியலைத் தேதிப்படி அடுக்கினாள். சங்கு ஊதிய அதே நாளில் ஏறியவன் தலையில் நின்றான். நீக்கு என்றாள். 'நீக்கினால் உங்கள் கோப்புகள் அழியும், உறுதியா?' என்றான்.

"ஷெமீனா, வேண்டாம்" என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"கடைசி வரைக்கும் மெரட்டுவான் சேட்டா. அவன் தொழிலே அதுதான்."

பாதிதான் போனான். கணினியைச் சேஃப் மோடில் எழுப்பினாள். அப்போது அவசியமானவை மட்டும்தான் விழிக்குமாம், இவன் தூங்குவானாம். தூங்கும்போது அவனுடைய பெட்டியைத் தேடி அழித்தாள். கணினி எழும்போது கூடவே எழுகிறவர்களின் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்தாள். இணையத்தில் எந்தப் பக்கத்துக்குச் சத்தம் போட அனுமதி இருக்கிறது என்று பார்த்து, அந்த அனுமதியைப் பிடுங்கினாள். அவன் அணைத்து வைத்திருந்த உண்மையான காவலைத் திரும்ப ஏற்றி, முழுச் சோதனை போட்டாள். அது நெடுநேரம் ஓடியது. முடிவில் ஒரே ஒரு வரி: எதுவும் கிடைக்கவில்லை.

"கடவுச்சொல்லெல்லாம் மாத்திடச் சொல்லுங்க" என்று பையைத் தோளில் மாட்டினாள். "ஐந்நூறு ரூபா."

இங்கேதான் எனக்கு மறுபடி குழம்பியது. இவளும் திரையைப் பார்த்தாள். இவளும் ஆபத்து என்றாள். இவளும் பணம் கேட்கிறாள். அவனை நம்பிய நான்தானே இவளையும் நம்புகிறேன்? முகத்தில் தெரிந்துவிட்டது போல.

"என்ன சேட்டா, நானும் கேடயம்னு தோணுதா?"

"இல்ல... பாத்ததுக்கா ஐந்நூறு?"

"எடுத்ததுக்கு. பாத்ததுக்கு நான் வாங்குறதில்ல. ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, திரும்ப ஊதலன்னா குடுங்க."

போய்விட்டாள். நான் 'பலா'வைத் திறந்தேன். எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்ட காவல், கதை நன்றாக இருக்கிறதா என்று சொல்லவில்லை. வெட்டிய வரிகளை நினைவிலிருந்து திரும்ப அடித்தேன். சில வந்தன. ஓட்டுநரின் மனைவி வந்தாள். [யார் இவள்? தெரியாது. இருக்கட்டும்.] சிலது என் வரியா, அந்தக் கேடயத்துக்குப் பயந்து எழுதிய வரியா என்று பிரிக்க முடியவில்லை. மேலே நீங்கள் படித்ததில் இரண்டும் கலந்திருக்கிறது.

5

முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

அ) சனிக்கிழமை வரை நான் ஷெமீனாவிடம் போகவேயில்லை. சுகதன் மனமிரங்கி, முதல் தடவையாகப் பர்ஸைத் திறந்து, கார்டு எண்ணைத் தட்டினான். அதன் பிறகு சங்கத்தின் ஓணம் போனஸ்—

(முடிக்கவில்லை.)

ஆ) சுகதன் கோப்பை அழித்துவிட்டான். அப்படியானால் நீங்கள் இப்போது வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் எத்தனை ஆபத்து என்பது உங்களுக்கே தெரியும்.

இ) சனிக்கிழமை சங்கம் கூடியது. கேடயக்காரன் போய்விட்டான் என்றேன். முடிந்தது என்று நினைத்தேன். பைலிச்சேட்டன் விடவில்லை.

"ஆளு போயிட்டா கடன் போயிடுமா? சங்கம் தீர்மானம் போட்டது. நாளைக்கு ஆலைக்காரன் இதையே நமக்குத் திருப்புவான்."

"தீர்மானத்த மாத்தணும்னா காரணம் வேணும்" என்றான் சுகதன், என்னைப் பார்த்து. "இல்லன்னா நான் சொன்னது சொன்னதுதான் தங்கச்சா. கத போகும்."

என்ன சொல்வதென்று தெரியாமல், வெறும் தாளைத் திறந்து சோதித்த கதையைச் சொன்னேன். பைலிச்சேட்டன் பழம்பொரியை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்தினார்.

"எழுதாத தாளுலயும் அதே நாப்பத்து மூணா?"

"அதே."

"அப்ப அவன் எண்ணவே இல்ல!" அவர் முகத்தில் அப்படியொரு கோபத்தை நான் பார்த்ததில்லை. "டேய், முன்னூறு பலக ஏத்துற வண்டியில நான் எண்ணாம ஒரு கணக்கச் சொன்னா ஆலைக்காரன் என்ன பண்ணுவான்?"

"லோடுக்கே கூலி கெடையாதும்பான்."

"நான் என்ன சண்ட போடுவேனா?"

"தலையச் சொறிஞ்சுட்டு வருவீங்க."

"அவ்வளவுதான். நின்னு பாத்திருந்தா கூலி. பாத்தேன்னு பொய் சொன்னவனுக்கு என்ன கூலி? அந்தக் கடன வெட்டு சுகதா."

எல்லாக் கைகளும் தூக்கப்பட்டன. சுகதன், "கதையில என்னப் பத்தி ஏதாவது எழுதியிருக்கியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் நம்பவில்லை, ஆனாலும் கதையை அழிக்கமாட்டேன் என்றான்.

மூன்றில் எது முடிவு என்பதை நான் சொல்லப்போவதில்லை. எனக்கு 'இ' பிடிக்கிறது. பிடிக்கிறது என்பதாலேயே அதை நம்பலாமா என்று தெரியவில்லை. நீங்கள் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாத இரண்டை வெட்டிவிடுங்கள். ஒன்று மட்டும் என் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. அதைச் சங்கம் தீர்த்துவிட்டது. ஒரு வாரம் கழித்தும் சங்கு ஊதவில்லை. பைலிச்சேட்டனே ஷெமீனாவின் கடைக்குப் போய் ஐந்நூறைக் கொடுத்துவிட்டு வந்தார். தீர்மானப் புத்தகத்தில் சுகதன் எழுதினான்: கேடயத்துக்குத் தர வேண்டிய ரூபாய் 3,499, எண்ணாமல் சொன்னதால், தள்ளுபடி.