ஆறு தாண்டும் மாதம்

தங்கைக்குக் கண்பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "ஆப்பிரிக்கா போகணும்க்கா. மாடுங்க மந்தை மந்தையா ஆறு தாண்டுமே, அதைப் பாத்துட்டா போதும்."

அக்கா கட்டிக்கொண்டு அழுதாள். "அத்தானையும் சேத்து மூணு பேரும் போறோம்டி."

தங்கைக்கு ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுக்கிற வேலை. வேலை முடிந்து வந்தால் போனை இப்படியும் அப்படியும் நகர்த்தி, வரிவரியாகத் தேடிப் படித்தாள். மழையைத் துரத்திக்கொண்டு வில்டபீஸ்ட் மாடுகள் போகும் வழி, வடக்கே ஆற்றங்கரையில் தங்க வேண்டிய கூடாரம், போட வேண்டிய ஊசி, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அக்காவுக்கு அழகு நிலையத்தை விட்டால் வேறு நினைப்பில்லை. அத்தானோ, யாராவது ஏற்பாடு செய்துவைத்தால் போய் உட்காருகிற ஆள்.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அத்தான் நிமிராமலே ஆரம்பித்தார். "யோசிச்சுப் பாத்தோம். அத்தனை மாடு ஓடும்போது உன் கண்ணுல ரெண்டு கால்தான் தெரியும். அதுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? பள்ளத்துல விழுந்து வெச்சா உன்னையா பாக்குறது, மாட்டையா பாக்குறது?"

அக்கா பாத்திரம் கழுவுகிற சாக்கில் முதுகைக் காட்டி நின்றாள். "நாங்க பாத்துட்டு வந்து ஒண்ணுவிடாம சொல்றோம்டி. வீட்டுல நாயையும் யாராவது பாத்துக்கணும்ல."

தங்கை அழவில்லை.

"எந்த மாசம் போறது நல்லது?" என்றார் அத்தான்.

ஆகஸ்ட் என்பது நாக்கு நுனிவரை வந்தது. "ஏப்ரல்" என்றாள். "கூட்டமே இருக்காது. அந்த ஆத்தங்கரைக் கூடாரமும் சுலபமாக் கிடைக்கும்."

கிடைத்தது. ஏப்ரலில் அங்கே அடைமழை. மாடுகளெல்லாம் அப்போது தெற்கே வெகுதூரத்தில் மேய்ந்துகொண்டிருக்கும்.

திரும்பி வந்தபோது பெட்டியெல்லாம் சேறு. அத்தான் யாரிடமும் பேசாமல், தும்மிக்கொண்டே போய்ப் படுத்துவிட்டார். தங்கை காபி போட்டுவந்து அக்காவின் எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லுக்கா."

அக்கா டம்ளரைக் கையில் எடுத்தாள். பிறகு, "அடேயப்பா, கண்ணுக்கு எட்டுற தூரம்வரைக்கும் மாடுடி" என்றாள்.

"அப்படியா? முதல்ல தண்ணியில குதிச்சது எது?"

"அது... ஒரு பெரிய மாடு."

"முதலை வந்துச்சா?"

"வந்துச்சு."

"எதைப் புடிச்சுது? சத்தம் எப்படி இருந்துச்சு?"

தங்கைக்கு இப்போது தெரிவதெல்லாம் சாவித்துவாரம் அளவு வெளிச்சம்தான். அதற்குள் அக்காவின் வாயை மட்டும் வைத்துக்கொண்டாள். உதடு நடுங்கியது, கோணியது. அக்கா அழத் தொடங்கியிருந்தாள்.

"ஏன்க்கா நிறுத்திட்டே?" என்றாள் தங்கை. "குட்டிங்க எப்படித் தாண்டிச்சு? அதைச் சொல்லு."