குட்டையும் இரும்புச் சீவலும்

மண்ணரைக்கு அப்பால் இருந்த அந்த விடுதியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் துவைக்கிற நாள். வாரம் முழுக்கப் பனியன் கம்பெனியில் நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண்கள், கிடைத்த ஒரு நாளில் மொத்தத் துணியையும் கல்லில் போட்டு அடிப்பார்கள். அந்த நுரையெல்லாம் சாக்கடை வழியே வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த குட்டையில் போய் விழும். திங்கட்கிழமை விடிந்தால் பெரியாத்தாள் வந்து நிற்பாள்.

அந்தத் திங்கட்கிழமையும் வந்தாள். கையில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் எருமை. எருமையின் மூக்கு முதல் முழங்கால் வரை பச்சைப் பாசி.

"வார்டனம்மா, இதக் கொஞ்சம் பாருங்க. பட்டுச் சேல கட்டுன மாதர நிக்குது. தண்ணி குடிக்கத்தானுங்க போச்சு, கல்யாணத்துக்குப் போகல."

வார்டன் ரோஸ்மேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். தெற்கே நாசரேத்துப் பக்கம் இருந்து பிழைக்க வந்து இந்த விடுதியே வீடு என்று ஆகிவிட்டவள் அவள்.

"நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க. பிள்ளையள் குளிக்காம இருக்க முடியுமா?"

"குளிக்க வேண்டாம்னு ஆருங்க சொன்னா? ஆனா ஊர்ல பேசி முடிச்சாச்சுங்க. மாரியாத்தா நோம்பி கழிஞ்ச மறுநாள் ஒரு லோடு மண்ணக் கொட்டி உங்க சாக்கடைய அடைச்சுப்போடுவம். உங்க மேல கோவமில்ல கண்ணு. உங்களுக்குக் கம்பெனி இருக்குது. எனக்கு இந்த எருமதான் கம்பெனி."

சாக்கடையை அடைத்தால் விடுதியையும் மூடிவிடுவோம் என்று கம்பெனியில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். மூடினால் பிள்ளைகள் ஊருக்குத்தான் திரும்பவேண்டும். வார்டனம்மா கூட இருக்கிறாள் என்ற ஒரே தைரியத்தில் பெற்றவர்கள் அனுப்பி வைத்த பிள்ளைகள். செக்கிங்கில் வேலை பார்த்த நாகஜோதிக்கு ஊரில் மாமன் மகன் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றான். அவன் பேச்சை எடுத்தாலே அவள் எழுந்து போய்விடுவாள். விஷயம் காதில் விழுந்த அன்றே துணியை அடுக்கிப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள்.

வழி சொன்னவள் மதுமதி. அவிநாசிக்காரி. கம்பெனியின் சாயப்பட்டறை லேபில் வேலை. சாயங்காலம் ஸ்கூட்டியில் வந்து ரோஸ்மேரியோடு ஒரு காப்பி குடிக்காமல் போகமாட்டாள்.

"பாசிக்குச் சோறு போடறதே நாமதானுங்க்கா. சோப்புத் தூள்லயும் மூத்திரத்துலயும் மணிச்சத்து இருக்குது, பாஸ்பரஸ். காட்டுக்கு உரம் போடறாங்கல்ல, அதேதான். துருப்பிடிக்கிற இரும்புக்கு அந்தச் சத்தப் புடிச்சு வெச்சுக்கற கொணம் உண்டுன்னு படிச்சிருக்கறேன்."

"அம்புட்டு இரும்புக்கு எங்க போவ?"

"புது இரும்பு எதுக்குங்க்கா? லேத்துல கடைஞ்சு கழிக்கற சீவல் போதும்."

பாண்டித்துரையின் லேத் பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவனும் தெக்கத்திக்காரன். "நம்மூருப் பிள்ளையளுக்குன்னா அள்ளிக்கிட்டுப் போங்க. கையப் பாத்துக்கிடுங்க, பிளேடு கணக்கா கிழிச்சிரும்" என்றான்.

ஓட்டை போட்ட டிரம் ஒன்றில் சீவலை நிரப்பி, சாக்கடைத் தண்ணீரை அதன் வழியே ஒரு சிமெண்டுத் தொட்டிக்கு விடுவது. பக்கத்துத் தொட்டியில் அதே தண்ணீரை அப்படியே ஊற்றி வைப்பது. இரண்டும் வெயிலில் கிடக்கட்டும், எது பச்சை பிடிக்கிறது என்று எல்லோரும் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். இதுதான் ஏற்பாடு.

சீவல் மூட்டையைப் பிரித்ததும் நாகஜோதி அலறினாள். "அக்கா, ஆயிலு!"

பனியன் ஊரில் எண்ணெய்க் கறை என்றால் பேயைக் கண்ட மாதிரி. ஒரு சொட்டுப் பட்டால் துணி ரிஜெக்ட். யாரும் யாரையும் கேட்கவில்லை. பெண்கள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். மதுமதி சாயப்பட்டறையிலிருந்து வெள்ளைத் தூள் கொண்டுவந்தாள். உப்புத் தண்ணீரை இளக்கி அழுக்கை விடுவிக்கச் சாயத்தில் போடுகிற தூள் அது. அதில் ஊறவைத்துத் தேய்த்ததில் சீவல் பளபளவென்று ஆயிற்று. லாரித் தண்ணீர் ஆயிற்றே, யார் வாரி இறைப்பது? பேருக்கு அலசி டிரம்மில் போட்டார்கள்.

அடுத்த வாரம் வேலிக்கு மேல் பெரியாத்தாளின் தலை தெரிந்தது.

"இதுல எது நீங்க வைத்தியம் பாத்த தொட்டிங்க?"

ரோஸ்மேரி காட்டினாள்.

"அப்ப வைத்தியம் பாக்காததே தேவலைங்க."

டிரம் வழியே வந்த தண்ணீர் புல்வெளி மாதிரி இருந்தது. மதுமதி டிரம்முக்குள் இடுக்கியை விட்டு ஒரு சுருளை எடுத்தாள். வெள்ளிக் கொலுசு போல மின்னியது. அவள் தலையில் கை வைத்துத் துவைகல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"துருவே புடிக்கலீங்க்கா. அந்தத் தூளு துருவத் தடுக்கும். அது மட்டுமா, அந்தத் தூளே மணிச்சத்துதான். பாசிக்கு நாமளே விருந்து வெச்சிருக்கறோம்."

"லேபுல இருக்க பிள்ளைன்னு நம்பினனே, மதி!"

"நானும் பனியன் ஊர்க்காரிதானுங்க? ஆயிலப் பாத்தா கை சும்மா இருக்குதா?"

மறுபடி முதலிலிருந்து. புதுச் சீவல் வந்தது. இந்தத் தடவை கட்டிங் டேபிளில் கழிந்த துணித் துண்டுகளைக் குவித்து நெருப்பு வைத்து, அதிலேயே போட்டு எண்ணெயை எரித்தார்கள். விடுதி போர்வெல்லில் குளிக்கவும் ஆகாத, சமைக்கவும் ஆகாத உப்புத் தண்ணீர் ஊறிக் கிடந்தது. அதை வாளி வாளியாக ஊற்றினார்கள். உப்பு பட்டதும் இரும்பு ஒரே ராத்திரியில் செம்மண் நிறத்துக்கு வந்தது. வாழ்நாளில் முதல் தடவையாகத் துருவைப் பார்த்து ரோஸ்மேரி தோத்திரம் சொன்னாள்.

தண்ணீரைத் திறந்தார்கள். டிரம்மிலிருந்து பழுப்பாக, டீத் தண்ணீர் மாதிரி வந்தது.

பெரியாத்தாள் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடியே வந்துவிட்டாள். இந்த முறை குரலில் கேலி இல்லை. "சாயம்! நொய்யல் ஆத்தக் கெடுத்தது பத்தாதுன்னு என்ற குட்டைக்கும் உடறீங்களா? நோம்பி வரைக்கும் எதுக்கு? இப்பவே அடைக்கறேன்."

மதுமதி முன்னால் வந்தாள்.

"ஆத்தா, ஒரு வாளி புடிச்சுக் குடுக்கறேன். உங்க ஊட்டுலயே வெச்சுப் பாருங்க. துருன்னா அடியில உக்காரும். சாயம் உக்காருமா? உங்களுக்குத் தெரியாததுங்களா?"

"தெரியாமயா? இத்தன வருசமா பாக்கறேன், ஒரு நாளும் உக்காந்ததில்ல."

வாளியை அவளே தூக்கிக்கொண்டு போனாள். அன்றிரவு கோயிலில் நோம்பிக்குக் கம்பம் நட்டு மேளம் அடித்தார்கள். ரோஸ்மேரிக்கு ஒவ்வொரு அடியும் மண் லோடு இறங்குகிற சத்தமாகக் கேட்டது.

காலையில் பெரியாத்தாள் எருமை இல்லாமல் வந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். அடியில் செம்மண் போலத் துரு படிந்திருக்க, மேலே தெளிந்த தண்ணீரில் அவள் மூக்குத்தி தெரிந்தது.

"உக்காந்துருச்சுங்க" என்றாள். "சரி, நோம்பி கழியட்டும். தொட்டியப் பாத்துட்டுப் பேசலாம்."

நோம்பி கழிந்தது. மறுநாள் காலையில் சொன்னபடி டிராக்டர் வந்தது. ஓட்டியவன் பெரியாத்தாளின் தம்பி மகன் முருகேஷ். அவள் முன்னால் நடந்து வந்து இரண்டு தொட்டிகளுக்கும் நடுவில் நின்றாள். ஒன்று கெட்டிப் பச்சை. டிரம் தண்ணீர் விட்ட இன்னொன்றில் அடித்தளத்துச் சிமெண்டு வெடிப்புவரை தெரிந்தது. கையை விட்டு மோந்து பார்த்தாள்.

"சோப்பு வாசம் அடிக்குதே?"

"அது அடிக்குமுங்க" என்றாள் மதுமதி. "எருமைக்கு இதக் காட்டாதீங்க. குட்டைல பாசி அடங்கவும் கொஞ்ச மாசம் புடிக்கும். ஆனா இனி நாங்க அதுக்குச் சோறு போடமாட்டம்."

பெரியாத்தாள் டிராக்டர் பக்கம் திரும்பினாள். "டேய் முருகேசு, மண்ண இங்க கொட்டாத."

"பின்ன எங்கீங்க அத்த கொட்டறது? திருப்பிக் கொண்டுபோக டீசல் நீங்க ஊத்தறீங்களா?"

"அந்த டிரம்மு சாஞ்சு நிக்குது, கண்ணு தெரியலையா? அதுக்கடில கொட்டி மேடு கட்டு. உழுந்துச்சுன்னா எம்பட எருமைக்குத்தான் கேடு."

ரோஸ்மேரி துவைகல்லில் உட்கார்ந்தாள்.

"அந்தத் துருவுல மணிச்சத்து சேந்திருக்குமாமே" என்று பெரியாத்தாள் மதுமதியை விடவில்லை. "என்ற காட்டுக்குக் குடுத்துருங்க."

"இரும்பு அதச் செடிக்கு உடாதுங்க ஆத்தா. புடிச்சா புடிச்சதுதான்."

"அட, எங்கூட்டுக்காரராட்டக் கஞ்ச இரும்பா இருக்குது!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளேயே நாகஜோதி வந்து ரோஸ்மேரியின் தோளைத் தொட்டாள்.

"அக்கா, பெட்டியப் பிரிக்கட்டா?"

"இன்னும் பிரிக்கலையா நீ? போடி, போயி அத்தனையும் நனைச்சுப் போடு. அடுக்கி வச்சு மக்கிப் போயிருக்கும்."