பொட்டுவின் விரல்கள்

மகள் இந்த முறை போட்டோ கேட்கவில்லை, வீடியோ கேட்டாள். "பொட்டு நடக்கறதப் பாக்கணும்ப்பா, பத்து செகண்ட் போதும்" என்ற செய்தி வந்தபோது லிப்ட் மெக்கானிக் எட்டாவது மாடி உச்சியில் கையெல்லாம் கிரீஸாக நின்றிருந்தார். போட்டோ என்றால் சமாளித்துவிடுவார். அவள் வெளியூருக்குப் படிக்கப் போகுமுன் எடுத்த படங்கள் முப்பது நாற்பது போனிலேயே இருந்தன. கேட்கும்போதெல்லாம் ஒன்றைப் பொறுக்கி அனுப்பி, "சமத்தா இருக்கா" என்று கீழே ஒரு வரியும் போடுவார். ஏழு மாதமாக வண்டி இப்படித்தான் ஓடியது.

வீடு திரும்பியதும் மகளின் அறைக்குப் போனார். கண்ணாடிப் பெட்டியின் மேல் தேய்க்காத துணி குவிந்து கிடந்தது. கடைசியாக இரை போட்டது போன வாரமா, அதற்கு முந்தைய வாரமா? துணியை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டுக் குனிந்தார். தண்ணீர்க் கிண்ணம் காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. மூலையில் பொட்டு கிடந்தது. சுவரில் ஓடுகிற பல்லி இல்லை அது. மஞ்சள் உடம்பில் கறுப்புப் பொட்டுகளோடு தரையில் நடக்கிற, மனிதரைப் போல இமை மூடித் திறக்கிற வளர்ப்புப் பல்லி. இப்போது அந்த இமைகள் ஒட்டிக்கிடந்தன. செத்துவிட்டது என்றே நினைத்தார். விரலால் தொட்டதும் பின்னங்கால் ஒன்று மெல்ல இழுத்தது.

பெட்டிக்கு அடியில் சூட்டுக்காக மகள் வைத்திருந்த மின்விரிப்பின் வயர் தரையில் கிடந்தது. அதன் பிளக் இருந்த இடத்தில் இஸ்திரிப்பெட்டி செருகியிருந்தது. என்றைக்குப் பிடுங்கினார் என்று நினைவில்லை. பிடுங்கியது தன் கை என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

கால்நடை மருத்துவர் அவர் வயதில் பாதிகூட இருக்காத பெண். "எங்க இருந்துச்சு?" என்று அவள் கேட்டதும் பொய் தானாக வந்து விழுந்தது.

"லிப்ட் வேலைக்குப் போன எடத்துலங்க. யாரோ காலி பண்ணிட்டுப் போன வீட்ல கெடந்துச்சு."

அவள் பல்லியை உள்ளங்கையில் ஏந்தினாள். "வால் கட்டைவிரல் தடிமனுக்கு இருக்கணும். கொழுப்பெல்லாம் அதுலதான் சேத்து வெச்சிருக்கும். இது அத்தனையும் கரைச்சு உயிரப் பிடிச்சிட்டு இருந்திருக்கு. வளத்தவங்க மனுஷங்கதானா?"

"அதானே" என்றார் அவர்.

காலையும் மாலையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிற்க வைக்கச் சொன்னாள். உரியாமல் தங்கிய பழைய தோல் விரல்களில் நூல் சுற்றியதுபோல் இறுகி, ரத்தம் ஓடவிடாமல் செய்திருந்தது. ஈரப்பஞ்சால் அவர் துளித்துளியாக எடுத்தார். டன் கணக்கில் எடை தொங்கும் கம்பிக்கயிற்றை முடுக்குகிற கை, ஒரு பல்லியின் பாதத்தை நுனிவிரலால் பிடித்திருந்தது. வலது முன்னங்காலில் ஐந்து விரல்களில் இரண்டு தோலோடு கழன்று பஞ்சில் வந்தன. மகளிடம் போனில் கேமரா கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தார்.

பத்தொன்பதாம் நாள் பொட்டு ஒரு வெட்டுக்கிளியைத் துரத்திப் பிடித்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. இதைக் கேட்டுக் குதிக்கக்கூடிய ஒரே ஆள் மகள்தான். அவளிடம்தான் சொல்ல முடியாது.

மூன்றாம் முறை போனபோது மருத்துவமனை நிறைந்திருந்தது. கிளியோடு உட்கார்ந்திருந்த அம்மாளிடம் மருத்துவர் இவரைக் காட்டி, "யாரோ தூக்கிப்போட்டத எடுத்து எப்படித் தேத்திட்டார் பாருங்க" என்றாள். அந்த அம்மாள் எழுந்து தன் நாற்காலியைத் தந்தாள். "நீங்க நல்லாருக்கணும் தம்பி." அவருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். "டாக்டர், காலி வீடுன்னு எதுவும் இல்ல. எம் பொண்ணு வளத்தது. பாத்துக்கச் சொல்லிட்டுப் போனா. கவனிக்காமப் போட்டு வெச்சிருந்தது நாந்தான்."

திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா எத்தன நாளா சூடில்லாம கெடந்துச்சுன்னு கேட்டிருப்பேன். அதுக்கேத்த மருந்த மொதல்லயே குடுத்திருப்பேன்" என்றாள். பிறகு சீட்டை எடுத்து, "பேரு?"

"பொட்டு."

எழுதிக்கொண்டாள். வெளியே கிளிக்கார அம்மாள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே கடந்துபோனார்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு மகளுக்கு வீடியோ கால் போட்டார். ஈரத்தலையைத் துவட்டியபடி வந்தாள். "ஐ, கேமரா சரியாயிடுச்சா?"

"கெட்டே போகலம்மா."

ஒன்றுவிடாமல் சொன்னார். பழைய போட்டோக்களையும் சொன்னார். துண்டைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றது. "காட்டுங்க" என்றாள்.

போனைத் திருப்பிப் பெட்டியருகே பிடித்தார். பொட்டு, ஒளிந்துகொள்ள வைத்திருந்த ஓட்டுக்கடியிலிருந்து வெளியே வந்து, முன்னங்காலைக் கண்ணாடியில் ஊன்றி நின்றது. மூன்று விரல் பாதம்.

"இன்னும் கிட்ட."

கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார். அவள் மூச்சு மட்டும் கேட்டது. பொட்டு தலையைச் சாய்த்து, போன் இருந்த இடத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தது. அவருக்குக் கை வலித்தது. அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், போனைத் திருப்பாமலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.