அம்மைக்கு ஆகாத தண்ணீர்

என் மகன் சுயம்புவுக்கு மணல்வாரி அம்மை போட்டிருந்தது. நாலு வயதுப் பிள்ளை. மே மாத மத்தியானம், தாராவியில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறைக் கோலி. வாசலில் வேப்பிலை செருகி, கதவைச் சாத்தி, பிள்ளையைக் கம்பளியால் மூடி வைத்திருந்தோம். தலைக்குத் தண்ணீர் விடும் நாள் வரை அம்மை கண்ட உடம்பில் ஒரு சொட்டு ஈரம் படக்கூடாது, டாக்டரையும் அழைக்கக்கூடாது. எங்கள் தெருவில் அதுதான் சட்டம்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். என்ன பிரயோஜனம்? தண்ணீரின் ஒரு மூலக்கூற்றிலுள்ள ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூற்றின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும், அதற்குப் பெயர் ஹைட்ரஜன் பிணைப்பு என்று பாடம் நடத்தியவள்தான். அந்தப் பிடியை விட்டு ஆவியாக ஏகப்பட்ட வெப்பம் வேண்டும். ஈரம் பட்ட உடம்பிலிருந்து அதை உருவிக்கொண்டுதான் தண்ணீர் போகும். வெயிலில் வியர்த்து நாம் பிழைத்துக் கிடப்பதே அதனால்தான். எல்லாம் தெரிந்த நான்தான் அந்தக் கம்பளியையும் போர்த்தினேன்.

காய்ச்சல் ஏறிக்கொண்டே போய், திடீரென்று சுயம்புவின் கண் மேலே செருகியது. கை கால் வெட்டி இழுத்தது. கம்பளியை வீசிவிட்டுக் குடத்தில் துணியை முக்கினேன்.

மாதுங்கா ரயில்வே பட்டறையில் பிட்டராக இருக்கும் என் வீட்டுக்காரர் செல்லப்பாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஆத்தா வெளையாடுத ஒடம்புல தண்ணியா? புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ கொன்னதாத்தான் அர்த்தம்!"

"சும்மா இருந்தா மட்டும் பொழைச்சிருவானா? கைய விடுங்க!"

சத்தம் போட்டுக் கையை உதறிக்கொண்டேனே தவிர, துணியைப் பிழியும்போது எனக்கும் பயம்தான். பயம் காய்ச்சலுக்கு மட்டுமல்ல. 'தாயே, தொட்டது நான், கோபமிருந்தால் என்னோடு தீர்த்துக்கொள்' என்று மனசுக்குள் கும்பிட்டேன். அறிவியல் டீச்சர்தான், கும்பிட்டேன்.

நெற்றி, கழுத்து, அக்குள், மார்பு என்று துடைத்தேன். வெட்டு நின்றது, கொதிப்பு நிற்கவில்லை. துணி சூடேறியதே ஒழிய ஈரம் உலரவில்லை. பம்பாய்க் காற்றே பாதி தண்ணீர், அதில் தானாக எது ஆவியாகும்? கதவை விரியத் திறந்து விசிறினேன். பக்கத்துக் கோலி பூமாரி எட்டிப் பார்த்தாள். ஈரத்துணியைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடினாள். இனி தெருவுக்கே தெரியும்.

துடைப்பதும் விசிறுவதுமாக என் கை சோர்ந்து விழுந்தது. அவர் சுவரோடு ஒட்டிப் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றவர், அருகில் வந்து உட்கார்ந்தார்.

"விசிறிய இங்க குடு. நீ தொடை."

நான் துடைக்கத் துடைக்க அவர் விசிறினார்.

வெகுநேரம் கழித்து, "அம்மா, குளுருது" என்றான் பிள்ளை. தொட்டுப் பார்த்தேன். நெற்றி என் கைச்சூட்டுக்கு வந்திருந்தது.

"ஆத்தா எறங்கிட்டாட்டி!" என்று அவர் விம்மினார்.

விளக்கம் என் நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

"ஆமாங்க, எறங்கிட்டா" என்றேன்.