ஜன்னல் வழியே விற்ற பிள்ளை

காரா-அஸ்கா தேசியப் பூங்காவின் காவலர் அசான்குல், பிறந்து மூன்று நாளான தன் மகளை ஜன்னல் வழியாக ஒரு மலையாட்டுக்கு விற்றார். ஆடு திருப்பித் தர மறுத்துவிட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் முடிந்தும் கணவாயில் பனி இளகவில்லை.

விற்றதைத் தப்பென்று சொல்ல முடியாது. பிள்ளை தங்காத வீட்டில், அடுத்துப் பிறப்பதை ஜன்னல் வழியாக அண்டை வீட்டாருக்கு விற்று, ஒரு கிண்ணம் தவிடோ உப்போ கொடுத்து மீட்பது கிர்கிஸ் வழக்கம். சாவு வந்து விசாரித்தால், அது எங்கள் பிள்ளையே இல்லை என்று கைவிரித்துவிடலாம். அசான்குல் வீட்டுக்குப் பின்னால் ஏற்கெனவே மூன்று சின்ன மண்மேடுகள் இருந்தன. மூன்றும் வறட்டு இருமலில் போனவை. ஆனால் மலைமேல் காவல் வீட்டுக்கு அண்டை அயல் ஏது? பனிச்சிறுத்தையும் கழுகும்தான். அந்நேரம் ஜன்னலடியில் நின்றது ஒரு பெட்டை மலையாடு. ஆபத்துக்குப் பாவமில்லை என்று கொடுத்துவிட்டு, மீட்க உப்பை நீட்டினார். அங்கேதான் புத்தி பிசகியது. கள்ள வேட்டைக்காரர்கள் உப்பு வைத்துத்தான் ஆடுகளைச் சுடுவார்கள். அது காவலருக்கே தெரியாதா? ஆடு உப்பை முகர்ந்தது, அவரை ஒரு பார்வை பார்த்தது, பிள்ளையைத் துணியோடு கவ்விக்கொண்டு செங்குத்துப் பாறையில் ஏறிப்போனது.

மனைவி உபெலுக்குப் பால் கட்டிக்கொண்டது.

"மலையையே காக்குற மனுசன், பெத்ததை ஆட்டுக்குக் குடுத்துட்டு நிக்கிறான் பாரு!"

"கத்தாத உபெல். இப்பவே ஏறிப் பார்க்குறேன்."

"ஏறு, ஏறு. ஆடு ஏறுற எடத்துல உன் தொப்பை ஏறட்டும்."

ஏறினார். இரண்டு விலா எலும்பு முறிந்து திரும்பினார். அதன்பின் வெறிபிடித்தவர்போல் காவல் காத்தார். ஐந்து வருடம் அந்த மலையில் ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. தொலைநோக்கியில் மகளைப் பார்ப்பார்: முதலில் நாலு காலில், பிறகு சிறுத்தை கால்வைக்கத் தயங்கும் விளிம்பில் இரண்டு காலில். பாவம், கண்ணாடி நனைந்து பாதி நாள் ஒன்றும் தெரியாது.

ஆறாம் வசந்தத்தில் ஆடு வந்து, அவர் மறுபடி நீட்டிய உப்பை மிச்சமில்லாமல் நக்கியது. வியாபாரம் முடிந்தது. சிறுமி ஜன்னலுக்குள் தலையை நீட்டினாள். உபெல் அந்த முகத்தை இரண்டு கையாலும் ஏந்திய நொடியில் பிள்ளை இருமினாள். அதே வறட்டு இருமல். தலையை வெளியே எடுத்தாள், இருமல் நின்றது. மறுபடி நீட்டினாள், இருமினாள்.

அசான்குல் தூக்கி உள்ளே எடுக்கக் கை நீட்டினார். உபெல் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"போடி," என்றாள் மகளிடம். "நீ எங்க பிள்ளையே இல்ல."

ஜன்னலைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து அழுதாள்.

இப்போதும் வசந்தத்தில் மூடிய ஜன்னலுக்கு வெளியே உப்பு வைக்கிறார்கள். மந்தை வந்து நக்கிவிட்டுப் போகிறது. வருடாந்தரக் கணக்கெடுப்பில் அசான்குல் மலையாடுகளோடு ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். தலைமை அலுவலகத்தில் யாரும் அதைத் திருத்துவதில்லை.